சாம்பல் இழுத்த கல்லும் உறைய மறுத்த நீரும்

புகலிடச் சிறுசஞ்சிகைகளில் அரசியல் வரும், கவிதை வரும், கவிதை பற்றிய சண்டை வரும். விஞ்ஞானத்தின் வரலாறு மட்டும் அநேகமாக வருவதில்லை. எப்போதாவது அந்தப் பேச்சு எழுந்தால் அது இரண்டு குரல்களில் ஒன்றாகவே இருக்கும். ஒரு குரல், ஒளவை அணுவைப் பிளந்தார், சித்தர் விண்ணை அளந்தார், எல்லாம் எம்மிடம் இருந்தது என்று மேடையேறும். மற்றக் குரல் அதைக் கேட்டு எரிச்சலடைந்து, விஞ்ஞானம் முழுக்க ஐரோப்பியனின் வேலை, நாங்கள் அதைப் பாடப்புத்தகத்தில் படித்து ஒப்புவித்தவர்கள்தான் என்று முடித்துவிடும். இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டுமே ஒரு விடயத்தையாவது எடுத்து அடிமுதல் நுனிவரை பார்ப்பதில்லை.

நான் இங்கே ஒரு சின்ன விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். நீர் எப்படி உறைகிறது? அதில் திண்மம் ஒன்றின் மேற்பரப்பிலுள்ள மின்னேற்றத்துக்கு என்ன பங்கு? குளிர்நாடுகளில் வாழ நேர்ந்துவிட்ட எமக்கு உறைபனி புதிதல்ல. ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் குளிர் அல்ல. இந்தக் கதைக்குள் இலங்கையிலிருந்து போன ஒரு கல் இருக்கிறது.

முதலில் நீர். பூச்சியம் பாகை செல்சியசில் நீர் உறையும் என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் பூச்சியம் பாகை என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. அதே வெப்பநிலையில் நீர் உறைந்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தூசு, அழுக்கு எதுவுமற்ற மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை −30 பாகைக்குக் குளிர்வித்தாலும் அது நீராகவே இருக்கும். சுமார் −38 பாகை வரும்போதுதான் வெளியுதவி எதுவுமின்றித் தானாக உறையும். ஏனென்றால் உறைதல் எங்கோ ஓரிடத்தில் தொடங்கியாக வேண்டும். சில மூலக்கூறுகள் தற்செயலாகப் பனிக்கட்டியின் ஒழுங்கில் கூடுகின்றன. அந்தக் கூட்டம் மிகச் சிறியதாக இருந்தால், அதன் மேற்பரப்பைத் தாங்குவதற்கான செலவு உள்ளே கிடைக்கும் இலாபத்தைவிடக் கூடிவிடுகிறது, கூட்டம் கலைந்துவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட பருமனைத் தாண்டிய கூட்டம் மட்டுமே வளரும். அந்தப் பருமனை எட்ட உதவும் அந்நியப் பொருள் எதுவோ அதுவே உறைதலின் கரு. தூசியாக இருக்கலாம், பக்றீரியாவாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம்.

உறையாமல் குளிர்ந்திருக்கும் நீரை முதலில் ஒழுங்காகப் பதிவு செய்தவர் வெப்பமானியால் எமக்குத் தெரிந்த பரன்ஹைட். 1721 இல், ஒல்லாந்தில் வாழ்ந்தபோது, மழைநீர் பாதி நிரப்பி வாய் மூடிய கண்ணாடிக் குமிழ் ஒன்றை இரவு முழுக்கக் குளிரில் விட்டார். அவருடைய அளவில் 15 பாகை. செல்சியசில் −9 ஐ ஒட்டியது. காலையில் நீர் நீராகவே இருந்தது. குமிழின் நுனியை உடைத்தார்; நீர் சட்டென்று பனித்துகள்களால் நிறைந்தது. காற்றுப் புகுந்ததுதான் காரணம் என்று எண்ணினார். பின்னர் இன்னொரு குமிழை எடுத்துக்கொண்டு படியேறும்போது கால் தடுக்கிற்று, குமிழ் குலுங்கியது, அதுவும் உறைந்தது. காற்றில்லாமலே உறைந்துவிட்டதே! 1724 இல் இலண்டன் றோயல் சொசைற்றியின் ஏட்டில் இதை வெளியிட்டார். அவரது கருவிகளைவிட அந்தத் தடுக்கி விழப்போன கணமே எனக்குப் பிடித்திருக்கிறது.

இனிக் கல்லுக்கு வருவோம்.

1658 இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் இலங்கையின் கரையோரத்தின் பெரும்பகுதி ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் வந்தது. கறுவா, யானை, முத்து, பாக்கு என்று எமது வரலாற்று நூல்கள் அவர்களுடைய ஏற்றுமதியைப் பட்டியலிடுகின்றன. இரத்தினக் கற்களும் போயின. 1703 இல் ஒல்லாந்துக்குப் போன கற்களில் ஒரு வகை விசித்திரமாக நடந்துகொண்டது. சூடான தணலருகே வைத்தால் சாம்பலைத் தன் பக்கம் இழுத்தது. சிறிது நேரத்தில் அதே சாம்பலைத் தள்ளிவிட்டது. ஒல்லாந்தர் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று தங்கள் மொழியில் பெயர் வைத்து, புகைக்குழாயிலிருந்து சாம்பலை எடுக்கப் பயன்படுத்தினார்கள். யோஹான் ஜோர்ஜ் ஷ்மிற் என்பவர் 1707 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட, தூக்கம் வராத இரவுகளின் சிந்தனைகள் என்ற பொருள்படும் தலைப்புக் கொண்ட நூலில் இதை எழுதிவைத்தார். அந்தக் கல்தான் இன்று உலகம் முழுவதும் 'ரூர்மலின்' எனப்படுவது. பெயர் சிங்களத்தின் 'தோரமல்லி' என்ற சொல்லிலிருந்து போனது.

1717 இல் லெமெரி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின்முன் இந்தக் கல்லைக் கொண்டுவந்து, இலங்கையின் ஆறொன்றில் கிடைத்தது, இலேசான பொருட்களை இழுக்கவும் தள்ளவும் செய்கிறது என்று காட்டினார். காந்தத்தின் ஒரு வகையென்றே அது கருதப்பட்டது. 1747 இல் லின்னேயஸ் தமது 'ஃப்ளோரா ஸெய்லானிக்கா' நூலில் இதற்கு இலத்தீனில் 'மின்கல்' என்ற பொருளில் பெயர் கொடுத்தார். லின்னேயஸ் இலங்கைக்கு வந்தவரல்ல. அவர் அந்தத் தாவர நூலை எழுதியதே, கம்பனி வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் 1670 களில் காயவைத்துக் கொண்டுபோன செடிகளை வைத்துத்தான். கல்லையும் அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. லெமெரி எழுதியதை வாசித்தே பெயரிட்டார். ஆனாலும் அவர் சொன்னது சரி. அது காந்தமல்ல, மின்.

அதை நிறுவியவர் ஏபினஸ். 1756 இல் பேர்லினில் லேமன் என்ற கனிமவியலாளர் இந்தக் கல்லின் குணத்தை அவருக்குக் காட்டினார். ஏபினஸ் கல்லைக் கொதிநீரில் இட்டுச் சூடாக்கிச் சோதித்தார். ஒரு முனை நேர் ஏற்றமும் மறுமுனை மறை ஏற்றமும் பெற்றிருப்பதைக் கண்டார். மின்னேற்றம் என்றால் உரசித்தான் வரும் என்றிருந்த காலம் அது. உரசாமல், வெறும் சூட்டினால் வருகிறது. அதுவும் ஒரே கல்லின் இரண்டு முனையில் இரண்டு விதமாக வருகிறது. பிராங்கிளின்கூட 1759 இல் வைத்தியர் ஹெபேர்டன் கொடுத்த கற்களைச் சோதித்து அதை உறுதிப்படுத்தி எழுதினார். 1824 இல் ப்றூஸ்ற்றர் இந்தத் தோற்றப்பாட்டுக்கு 'பைரோ எலெக்ற்றிசிற்றி' என்று பெயரிட்டார். நான் இதைச் 'சூட்டுமின்' என்று எழுதப்போகிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

சூட்டுமின் எப்படி உண்டாகிறது? சில பளிங்குகளின் உள்ளமைப்பில் நேர் ஏற்றங்களின் மையமும் மறை ஏற்றங்களின் மையமும் ஓரிடத்தில் விழுவதில்லை. பளிங்கு முழுவதும் ஒரே திசையில் அவை விலகி நிற்பதால் ஒரு முகம் நேராகவும் எதிர்முகம் மறையாகவும் இருக்கும். சாதாரணமாக இது வெளியே தெரியாது. காற்றிலுள்ள அயன்கள் வந்து ஒட்டி ஏற்றத்தை மூடிவிடும். வெப்பநிலை மாறினால் உள்ளே அந்த விலகலின் அளவு மாறுகிறது. மூடிய அயன்கள் உடனே அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. இடைப்பட்ட நேரத்தில் மேற்பரப்பில் ஏற்றம் வெளிப்படும். இதில் ஒரு முக்கியமான விடயம்: குளிர்விக்கும்போது மறையாக இருக்கும் அதே முகம், சூடாக்கும்போது நேராகும். சாம்பல் இழுபட்டதும் தள்ளுண்டதும் தணலருகே நடந்த இதே விளையாட்டுத்தான். இந்த இடத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டுரையின் முக்கியமான பரிசோதனை இதில்தான் நிற்கிறது.

ஆக, பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஒல்லாந்தில் இரண்டும் இருந்தன. உறைய மறுக்கும் நீர் பரன்ஹைட்டின் குமிழில் இருந்தது. சூட்டினால் ஏற்றம் பெறும் கல் புகைபிடிப்பவரின் மேசையில் இருந்தது. இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது என்றே நினைக்கிறேன், கேள்வியே பிறக்காத காலம். பரன்ஹைட்டின் குமிழிலிருந்து கணக்கிட்டால் சுமார் 290 ஆண்டுகள் பிடித்தன.

இடையில் மின்னுக்கும் உறைதலுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி மட்டும் தனியே பிறந்தது. சுவிற்சர்லாந்தின் லூசான் நகரில் லூயி டுஃபூர் 1860 களின் தொடக்கத்தில், எண்ணெயும் குளோரோபோமும் கலந்த திரவத்தில் நீர்த்துளிகளை மிதக்கவிட்டு உறையாமல் குளிர்வித்து, அவற்றுக்கு மின்பாய்ச்சலைக் கொடுத்தார். துளிகள் உறைந்தன. அதன்பின் நூறு ஆண்டுகளாகப் பலரும் இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். சிலருக்கு உறைந்தது, சிலருக்கு உறையவில்லை. சிக்கல் எளிது. மின்புலம் கொடுக்க உலோக மின்வாய் வேண்டும். அந்த உலோகமே கருவாகலாம். பொறி பறந்தால் அதிர்வு வரும், குமிழி வரும். இவற்றில் எது நீரை உறையவைத்தது? மின் என்று சொல்ல எவருக்கும் உறுதியான சான்றில்லை.

இந்த இடத்தில் கதை அமெரிக்காவுக்குப் போகிறது. அரசியலும் இங்கேதான் உள்ளே வருகிறது.

1946 யூலையில் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனெக்ரடியில் ஜெனரல் எலெக்ற்றிக் ஆய்வுகூடத்தில் வின்சன்ற் ஷேஃபர் ஒரு குளிர்ப்பெட்டிக்குள் மூச்சை ஊதி உறையாத நீர்த்துளிகளால் ஆன முகிலை உண்டாக்கிக்கொண்டிருந்தார். வெக்கையான நாள், பெட்டி போதியளவு குளிரவில்லை. குளிரைக் கூட்ட உலர்பனித் துண்டொன்றை, அதாவது −78 பாகையிலுள்ள திண்மக் காபனீரொட்சைட்டை, உள்ளே வைத்தார். முகில் முழுவதும் நொடியில் பனித்துகள்களாக மின்னிற்று. அதே ஆண்டு நவம்பர் 13 இல் விமானத்தில் ஏறி மசாசூசெற்ஸ் மலைப்பகுதியில் உண்மையான முகிலொன்றின்மீது உலர்பனியைத் தூவினார். பனி விழுந்தது, தரையைத் தொடுமுன் ஆவியாயிற்று.

அவருடன் வேலை செய்த பேர்னாட் வொனகற் வேறு வழியில் யோசித்தார். உலர்பனி வெறும் குளிரால் வேலை செய்கிறது. பனிக்கட்டியைப் போலவே அணுக்களின் அடுக்குக்கொண்ட ஒரு திண்மம் கிடைத்தால், நீர் மூலக்கூறுகள் அதன்மேல் வந்து அதேபோல் அடுக்கிக்கொள்ளுமே. பளிங்குகளின் அட்டவணைகளைத் தேடி வெள்ளி அயடைட்டைப் பிடித்தார். பனிக்கட்டியின் சாலகத்துக்கும் இதன் சாலகத்துக்கும் வித்தியாசம் இரண்டு வீதம்கூட இல்லை. முதலில் எடுத்த மாதிரி தூய்மையற்றது, வேலை செய்யவில்லை. பின்னர் தூய புகையாக விட்டபோது சுமார் −4 பாகையிலிருந்தே முகில் பனியாகத் தொடங்கிற்று. அச்சில் ஊற்றிய மாதிரி என்று எம்மூரில் சொல்வார்களே, அந்த விளக்கம்தான். பாடநூல்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. (பேர்னாட்டின் தம்பி கேர்ட் வொனகற் அதே நிறுவனத்தின் விளம்பரப் பகுதியில் சில ஆண்டுகள் வேலை செய்தவர். அறைவெப்பநிலையில் கடலையே உறையவைத்துவிடும் பொருள் ஒன்றைப் பற்றிய அவரது நாவல் 1963 இல் வந்தது. அண்ணனின் ஆய்வுகூடத்தைத் தம்பி எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதைவிட நல்ல விமர்சனம் வேண்டியதில்லை.)

அதே ஆய்வுகூடத்தில் இருந்த நோபல் பரிசாளர் லாங்மூர் ஆர்வம் தலைக்கேறியவராய் இருந்தார். 1947 ஒக்ரோபரில் அமெரிக்க இராணுவத்துடன் சேர்ந்து ஒரு சூறாவளிக்குள் உலர்பனியைத் தூவினார்கள். கடலுக்குள் போய்க்கொண்டிருந்த சூறாவளி திரும்பி ஜோர்ஜியா மாநிலத்தின் சவானாவைத் தாக்கியது. திருப்பத்துக்கும் தூவலுக்கும் தொடர்பில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. லாங்மூர் மட்டும் தங்கள் தூவல்தான் திருப்பியது என்று பிடிவாதமாக நின்றார். எந்த மழை தானாகப் பெய்தது, எது தூவியதால் பெய்தது என்று பிரித்தறிய வழியில்லாத இடத்தில் வல்லுனரின் ஆசையும் ஆதாரமாகிவிடுகிறது.

பிறகு வியட்நாம். 1967 மார்ச்சிலிருந்து 1972 யூலை வரை, அமெரிக்க வான்படை தாய்லாந்துத் தளமொன்றிலிருந்து பறந்து லாவோஸ், வியட்நாம் எல்லைகளில் ஹோ சி மின் பாதையின்மேல் வெள்ளி அயடைட்டும் ஈய அயடைட்டும் கொண்ட குண்டுகளை முகில்களுக்குள் எரித்தது. பருவமழையை நீட்டித்து, பாதையைச் சேறாக்கி, லொறிகளைப் புதைப்பதுதான் நோக்கம். 2,602 பறப்புகள் நடந்தன. ஐந்து ஆண்டுகளாக லாவோஸ் அரசுக்கே சொல்லப்படவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் மறைக்கப்பட்டது. 1971 இலும் 1972 இலும் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. 1974 இல் செனற் குழுவின்முன் இராணுவம் ஒப்புக்கொண்டது. மழை சில இடங்களில் 30 வீதம் வரை கூடியிருக்கலாம் என்று இராணுவப் புலனாய்வு மதிப்பிட்டது. கூடியிருக்கலாம்! சேற்றில் விளைந்த நெல்லையும் சேற்றில் அழிந்த நெல்லையும் எவரும் அளக்கவில்லை.

சுற்றாடலை ஆயுதமாக்குவதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1977 இல் ஜெனீவாவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர இருபது நாடுகள் ஏற்புறுதி செய்யவேண்டியிருந்தது. 1978 ஒக்ரோபர் 5 இல் இருபதாவதாக ஏற்புறுதி செய்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு லாவோஸ். அந்த உடன்படிக்கை 'பரவலான, நீடித்த, அல்லது கடுமையான' விளைவுகளை மட்டுமே தடைசெய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சின்ன அளவில் செய்தால் தப்பிவிடலாம் என்ற ஓட்டை அதற்குள் இருக்கிறது. போர்களைப் பற்றிய சர்வதேசச் சட்டங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று எம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டிலும் முகிலில் இரசாயனம் தூவினார்கள். அது வறட்சிக்காக. 1983 இலும், 1984 இலிருந்து 1987 வரையும், மீண்டும் 1993, 1994 இலும் மாநில அரசு அதைச் செய்வித்தது. ஆனால் வெள்ளி அயடைட்டு வேலை செய்ய முகிலுக்குள் உறையாமல் குளிர்ந்த நீர் இருக்கவேண்டும். வெப்பவலயத்தில் பூச்சியம் பாகை சுமார் ஐந்து கிலோமீற்றர் உயரத்தில்தான் வருகிறது. அதற்குக் கீழேயே முடிந்துவிடும் முகில்களுக்கு அயடைட்டால் பயனில்லை. அவற்றுக்கு உப்புத்தூள்தான் தூவிப் பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் அடிப்படைக் கேள்வி அப்படியே கிடந்தது. வெள்ளி அயடைட்டு ஏன் நீரை உறையவைக்கிறது? அச்சு ஒத்துப்போவதாலா? அப்படியென்றால் பேரியம் புளோரைட்டின் ஒரு முகமும் பனிக்கட்டியின் சாலகத்துக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் அது மோசமான கரு. இன்னொன்றையும் பலர் கவனிக்காமல் விட்டார்கள். வெள்ளி அயடைட்டின் பளிங்கு ஒரு திசையில் முனைவுகொண்டது. இலங்கைக் கல்லைப்போல அதுவும் சூட்டுமின் உள்ள பளிங்கு. அதாவது பயன்படுத்துகிறவர்கள் ஒரு காரணத்தை நம்பிப் பயன்படுத்தினார்கள், பொருளுக்குள் இரண்டு காரணங்கள் பின்னிக் கிடந்தன. காரணம் சரியாகத் தெரியாமலே அது ஆயுதமாகவும் வந்துவிட்டது. விஞ்ஞானம் முதலில் அறிகிறது, பிறகு பயன்படுத்துகிறது என்ற கதையை நம்புகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

பின்னிக் கிடந்ததைப் பிரித்தவர்கள் இஸ்ரேலின் ரெஹோவொற்றில் உள்ள வைஸ்மன் ஆய்வுநிலையத்தினர். அங்கே மெய்ர் லஹாவும் லெஸ்லி லைசரோவிற்சும் நீண்ட காலமாகப் பளிங்குகளின் வளர்ச்சியை ஆராய்ந்துவந்தார்கள். 1990 இல் வெளியான ஒரு வேலையில், நீண்ட சங்கிலி அற்ககோல்களை ஒரு மூலக்கூறு தடிப்பில் நீர்த்துளியின் மேல் படரவிட்டால், பூச்சியத்துக்கு மிக அருகிலேயே நீர் உறைவதைக் காட்டினார்கள். அது அச்சுக் கொள்கைக்குச் சாதகமான சான்று. 1992 இல் வந்த அடுத்த வேலை வேறு திசையில் போனது. அமினோ அமிலங்களில் முனைவுள்ள பளிங்குகளையும் முனைவற்ற பளிங்குகளையும் எடுத்தார்கள். மேற்பரப்பின் அமைப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. முனைவுள்ளவற்றின் விரிசல்களில் நீர் சில பாகைகள் முன்னதாகவே உறைந்தது. அப்படியென்றால் உள்ளேயுள்ள மின்புலத்துக்கு ஒரு கை இருக்கிறது.

தீர்மானமான பரிசோதனை 2010 பெப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. டேவிட் ஏரே, எற்றே லவேர்ட், லஹாவ், இகோர் லுபொமிர்ஸ்கி ஆகிய நால்வரும் எழுதியது. இதன் அழகு, மின்வாயே இல்லாமல் செய்ததில் இருக்கிறது. டுஃபூர் காலத்திலிருந்து குழப்பிய உலோகம் இல்லை, பொறி இல்லை, மின்னோட்டம் இல்லை. சூட்டுமின் உள்ள இலிதியம் தந்தலேற்றுப் பளிங்கைக் குளிர்வித்தாலே போதும். மேற்பரப்பு தானாக ஏற்றம் பெறும். அச்சுக் கொள்கைக்காரர் மறுக்காமலிருக்க, ஒழுங்கான சாலகமே இல்லாத ஆனால் சூட்டுமின் கொண்ட திரந்தியம் தைத்தனேற்றுப் படலத்திலும் அதையே செய்தார்கள். சாலகம் இல்லையென்றால் அச்சும் இல்லை. மிஞ்சுவது ஏற்றம் மட்டும்.

ஏற்றமற்ற பரப்பில் துளிகள் சராசரியாக −12.5 பாகையில் உறைந்தன. நேர் ஏற்றமுள்ள பரப்பில் −7 பாகையிலேயே உறைந்தன. மறை ஏற்றமுள்ள பரப்பில் −18 வரை தாக்குப்பிடித்தன. ஒரே பொருள், ஒரே நீர், வித்தியாசம் 11 பாகை. ஊடுகதிர் கொண்டு பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: நேர்ப் பரப்பில் உறைதல் கல்லும் நீரும் தொடும் அடிப்பக்கத்தில் தொடங்குகிறது, மறைப் பரப்பிலோ துளியின் மேற்பக்கத்தில், காற்றும் நீரும் தொடும் இடத்தில் தொடங்குகிறது.

வாசகரை நினைவில் வைத்திருக்கச் சொன்ன விடயம் இப்போது வருகிறது. மறை ஏற்றமுள்ள இலிதியம் தந்தலேற்றுப் பரப்பில் ஒரு துளி −11 பாகையில் உறையாமல் இருந்தது. அதைச் சூடாக்கத் தொடங்கினார்கள். சூடாகும்போது அதே முகத்தின் ஏற்றம் மறையிலிருந்து நேருக்கு மாறுகிறது. −8 பாகை வந்ததும் துளி உறைந்துவிட்டது! குளிரில் உறையாத நீர் சூடாக்கியதும் உறைந்தது. இதை வாசித்தபோது, தணலருகே சாம்பலை இழுத்துப் பிறகு தள்ளிய கல்தான் உடனே என் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே புரட்டல்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு உடனே தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. நீர் மூலக்கூறில் ஒட்சிசன் பக்கம் சற்று மறை, ஐதரசன் பக்கம் சற்று நேர். நேர்ப் பரப்பை நோக்கி ஒட்சிசன் திரும்பும். அந்தத் திருப்பம் பனிக்கட்டியின் ஒழுங்குக்கு உதவும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வாளர்களே அதில் நிற்கவில்லை. தொடர்ந்து செய்த வேலையில், நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டிலிருந்து பிறக்கும் இருகாபனேற்று அயன்களைச் சந்தேகித்தார்கள். 2018 இல் வெள்ளி அயடைட்டையே திரும்ப எடுத்து அதன் சூட்டுமின்னின் பங்கைச் சோதித்தார்கள். 2020 இல் வெளியிட்ட கட்டுரையில், முக்கோணத் தட்டைவடிவ அயன்கள்தான் விசையைத் தட்டுகின்றன என்று வாதிட்டார்கள். மின்னேற்றம் அந்த அயன்களைப் பரப்புக்கு இழுத்துச் சேர்க்கிறது. பரப்பில் சேர்ந்த அயன்களின் வடிவம் பனிக்கட்டியின் அறுகோண ஒழுங்குக்கு இடம் கொடுக்கிறது. நேர்ப் பரப்பில் இருகாபனேற்றும் நைத்திரேற்றும் அதைச் செய்கின்றன. குவானிடினியம் என்ற நேர் அயனைச் சேர்த்தால் மறைப் பரப்பும் நீரை முன்னதாக உறையவைக்கிறது. அப்படியானால் 'நேர் உறையவைக்கும், மறை தடுக்கும்' என்ற 2010 இன் சுலோகமும் முழு உண்மையல்ல. வடிவம் பின்கதவால் திரும்பவும் உள்ளே வந்துவிட்டது. வொனகற்றின் அச்சு முழுக்கப் பொய்யாகவில்லை. அச்சு கல்லில் இல்லாமல் கல் கூட்டிவைத்த அயன்களில் இருக்கிறது.

வானத்து முகில்களில் இதன் பங்கு எவ்வளவு என்பது வேறு வழக்கு. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் குழுவொன்று 2013 இல், பாலைவனத் தூசியில் நீரை உறையவைப்பது முக்கியமாகப் பொற்றாசியம் நிறைந்த பெல்ஸ்பார் என்று காட்டிற்று. 2016 இல் வேறொரு குழு அந்தப் பெல்ஸ்பாரின் விரிசல்களில் வெளிப்படும் ஒரு குறிப்பிட்ட முகத்தைக் காரணம் காட்டியது. ஆகவே எல்லாவற்றையும் மின்னேற்றத்தின் தலையில் கட்டக்கூடாது.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு குரல்களுக்குத் திரும்புகிறேன். முதற்குரல் இந்தக் கதையைக் கேட்டால், சூட்டுமின்னை உலகுக்குத் தந்தது எமது தீவு என்று முழங்கும். கல்லைத் தந்தோம், அதுவும் விரும்பித் தந்தோமா என்பது கம்பனியின் துப்பாக்கிகளைக் கேட்டால் தெரியும். கல்லைத் தருவதும் அறிவைத் தருவதும் ஒன்றல்ல. அதோடு 'எமது' என்பது யார்? பெயர் சிங்களத்திலிருந்து போனது. இலங்கையின் இரத்தினக்கல் வணிகத்தில் நீண்ட காலமாக நின்றவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள். இந்தக் கல்லுக்கு இனம் தேடுபவர்கள் முதலில் தங்களுக்குள் தகராறு பண்ணவேண்டியிருக்கும்.

இரண்டாவது குரலுக்கும் பதில் இருக்கிறது. லெமெரி ஆற்றில் கிடைத்த கல் என்றார். அந்த ஆற்றில் இறங்கி, கூடையில் சரளை அரித்து, மற்றக் கற்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, இதற்கெனத் தனிப்பெயர் சொல்லிக் கொடுத்த ஒருவர் இருந்தார். தோரமல்லி என்ற சொல் வானத்திலிருந்து விழவில்லை. இனம் காண்பதும் வகைப்படுத்துவதும் பெயரிடுவதும் அறிவல்ல என்றால், லின்னேயஸ் செய்தது என்ன? ஷ்மிற்றின் பெயர் இருக்கிறது, லெமெரியின் பெயர் இருக்கிறது, கல்லைத் தொடாமலே பெயரிட்டவரின் பெயர் நாடெல்லாம் சிலையாக நிற்கிறது. அரித்தெடுத்தவரிடமிருந்து மிஞ்சியது அந்த ஒரு சொல். அதையும் ஐரோப்பிய மொழிகள் உச்சரிப்பு மாற்றி வைத்திருக்கின்றன.

ஏபினஸ் செய்ததை அந்தக் கல் அரிப்பவர் செய்யவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கொதிநீரில் போட்டு, இரண்டு முனையையும் தனித்தனியாகச் சோதித்து, ஏற்றம் நேரா மறையா என்று கேட்பதற்கு ஒரு கேள்வி மரபு வேண்டும், ஓய்வு வேண்டும், கழகம் வேண்டும், ஏடு வேண்டும். அந்த ஓய்வுக்கும் கழகத்துக்கும் ஐரோப்பாவில் பணம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று கேட்டால் கறுவாத் தோட்டங்களும் கணக்கில் வரும். இவை இரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுத எமக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதே நான் நண்பர்களிடம் வைக்கும் கேள்வி. 'சூட்டுமின்' என்ற சொல் பற்றிய சண்டையையும் சேர்த்து எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் தொடரலாம்.